எல்லை தாண்டி வருவது எது?

கேள்வி: ஆடலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. எங்களுக்கு மேல்புறம் உள்ள தோட்டத்துக்காரர்கள் பல வருடமாக மலைக்கே வருவதில்லை. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது. பறிக்காத பழமெல்லாம் செடியிலேயே காய்ந்து கிடக்க, எங்கள் காயில் துளை விழுகிறது. பாதையோரம் இருக்கும் அவர்களுடைய பழைய வீட்டுச் சுவர் எப்போது விழுமோ என்று நிற்கிறது. நிலத்தை இப்படிப் போட்டு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? யாரிடம் புகார் கொடுப்பது?

பன்றிமலை, கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று கீழ்ப்பழனி மலையின் எந்த ஊரிலிருந்தும் இந்தக் கேள்வி வரலாம். புகார் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வரியிலேயே தவறி விடுகிறார்கள். "நிலத்தைப் பராமரிக்காமல் போட்டு வைத்திருக்கிறார்கள்" என்று தொடங்குகிறார்கள். அப்படிப் போட்டு வைப்பது மட்டுமே நம் ஊர்ச் சட்டத்தில் குற்றமாகாது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர், ஊரக அமைப்புச் சட்டம், 215ஆம் பிரிவில், ஓர் இடம் பார்வைக்கு அலங்கோலமாகக் கிடந்து சுற்றுப்புறத்தைக் கெடுத்தால் அதற்காகவே உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்குத் தந்திருக்கிறது. நம்மிடம் அப்படியொரு பொதுவிதி கிடையாது. தன் நிலத்தைக் காடாக விடுகிறவரை நம் சட்டம் தொடுவது, அந்தக் காட்டிலிருந்து ஏதோ ஒன்று எல்லை தாண்டி வந்து மற்றவருக்குக் கேடு செய்யும்போதுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, எல்லை தாண்டி வருவது எது என்பதை. பூச்சியா, சுவரா, மரமா, கொசுவா, தீயா, தண்ணீரா? ஒவ்வொன்றுக்கும் சட்டமும் வேறு, போக வேண்டிய அலுவலகமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுத்தால், அது துறை துறையாகச் சுற்றிவிட்டு, "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துபோகும். ஒரு கேட்டுக்கு ஒரு மனு என்று பிரித்து எழுதுங்கள்.

அலுவலகம் எது என்பதிலும் இந்த மலையில் குழப்பம் உண்டு. மலை ஒன்றுதான் என்றாலும் நிர்வாகம் ஒன்றல்ல. தாண்டிக்குடி கொடைக்கானல் வட்டம். ஆடலூர் ஊராட்சியோ அடிவாரத்திலிருக்கும் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. மலை என்றாலே கொடைக்கானல்தான் என்று நினைத்து அங்கே மனு கொடுத்தால் மாதங்கள் வீணாகும். பட்டாவில் அச்சாகியிருக்கும் வட்டம், வருவாய்க் கிராமம், புல எண் மூன்றையும் பார்த்து எழுதுங்கள். உங்கள் நிலத்தின் எண்ணோடு, கேடு கிளம்பும் நிலத்தின் புல எண்ணும் மனுவில் இருக்க வேண்டும்.

இனி உங்கள் காயில் விழும் துளைக்கு வருகிறேன். கைவிட்ட தோட்டத்தால் பக்கத்துக்காரருக்கு மிகப்பெரிய பண நட்டம் வருவது இதில்தான். ஆனால் இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தத் துளையைப் போடும் காய்த்துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1990இல், நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில். பெண் வண்டு காயின் நுனியில் ஊசித் துளை போட்டு உள்ளே போய், விதைக்குள்ளேயே குஞ்சு பொரிக்கிறது. அறுவடை முடிந்த பிறகு அது உயிரோடிருக்கும் இடம், செடியில் காய்ந்து தொங்கும் பழமும் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழமும்தான். அதனால்தான் காபி வாரியம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறது: செடியில் ஒரு காய் விடாமல் பறியுங்கள், உதிர்ந்ததைப் பொறுக்குங்கள், பூச்சி விழுந்த காயைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுங்கள். நீங்கள் இத்தனையும் செய்து முடித்தாலும், மேல்தோட்டத்தில் வருடம் முழுவதும் காய்ந்த பழம் தொங்கினால் அடுத்த பருவத்தில் வண்டு அங்கிருந்து இறங்கி வரும்.

அரபிகா செடி என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் இன்னும் மோசம். தாய் வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். நிழல் குறைந்த தோட்டமும், துளை விழுந்த செடியைப் பிடுங்காமல் விட்ட தோட்டமும் அதற்கு வளர்ப்பிடம். ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தண்டில் வரிவரியாய் மேடு தெரியும் செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஆளில்லாத தோட்டத்தில் இதை யார் செய்வார்கள்?

இதற்குத்தான் 1919ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம். இந்தியாவில் இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். ஒரு பூச்சியையோ நோயையோ களையையோ அரசு ஒரு பகுதியில் அறிவிக்கை செய்துவிட்டால், அந்தப் பகுதியில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிவிக்கையில் சொன்ன தடுப்பு வேலையைச் செய்தாக வேண்டும். செய்யாதவருக்கு ஆய்வு அலுவலர் நோட்டீஸ் தரலாம். அதற்கும் அசையாவிட்டால் அரசே ஆள் வைத்துச் செய்து, செலவை நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். உரிமையாளர் ஊரில் இல்லை என்பது இங்கே தப்பிக்கும் வழியாகாது. இந்த மலைக்கு இது புதிதும் அல்ல. பழமரங்களைத் தாக்கிய பஞ்சுச் செதில் பூச்சி பரவாமலிருக்க 1940களில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதே சட்டத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அறிவிக்கை நடப்பில் இருந்தால்தான் இந்தச் சட்டத்துக்குப் பல் உண்டு. எனவே முதல் வேலையாக, உங்கள் வருவாய்க் கிராமத்தில் காபி காய்த்துளைப்பானுக்கோ தண்டுத் துளைப்பானுக்கோ 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பில் உள்ள அறிவிக்கை ஏதும் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். உண்டு என்றால் அந்த நகலை இணைத்து ஆய்வு கேட்டு மனு கொடுங்கள். இல்லை என்று வந்தால், தனி ஆளாக எழுதாதீர்கள். பாதிக்கப்பட்ட தோட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, அறிவிக்கை செய்யும்படி ஆட்சியர் வழியாகக் கேளுங்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துளை விழுந்த காயையும் தண்டையும் கொண்டுபோய்க் காட்டி, இன்ன பூச்சிதான் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "பூச்சி வருகிறது" என்று நீங்கள் எழுதுவதை விட, இந்தப் பூச்சி என்று ஆராய்ச்சி நிலையம் எழுதிய ஒற்றைத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

வாழைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். முடிக்கொத்து நோய் இந்த மலையின் விருப்பாச்சி வாழையை எப்படி அழித்தது என்பது ஊரில் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோயைச் செடிக்குச் செடி சுமப்பது அசுவினி. கவனிப்பாரில்லாத ஒரு வாழைப் புதர் போதும், சுற்றியிருக்கும் நல்ல கன்றுக்கெல்லாம் அது பரவ. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற வாழை இது. அதைத் திரும்ப நட்டு வருகிறவர்களுக்குப் பக்கத்து நிலத்தின் நோய்ச்செடி அகற்றப்படுவது வாழ்வா சாவா என்ற விஷயம். முதலில் அசுவினிக்கு மருந்தடித்து, பிறகுதான் கிழங்கோடு தோண்டி எடுத்துப் புதைக்க வேண்டும். அப்படியே பிடுங்கினால் அசுவினி கிளம்பி அடுத்த செடிக்குப் போய்விடும். தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு முறையான ஆலோசனை கிடைக்கும்.

அடுத்தது விழக் காத்திருக்கும் சுவர். இதில் தாமதம் கூடாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. ஒரு கட்டடமோ மரமோ விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கோ வழியில் போகிறவருக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் இருந்தால், அதை இடிக்கவோ பழுதுபார்க்கவோ தாங்கு கொடுக்கவோ கோட்டாட்சியர் நிபந்தனை ஆணை போடலாம். உரிமையாளர் அதைச் செய்ய வேண்டும், அல்லது குறித்த நாளில் வந்து காரணம் சொல்ல வேண்டும். இரண்டுமே செய்யாவிட்டால் ஆணை உறுதியாகும். அதன் பிறகும் கிடப்பில் போட்டால் அரசே செய்து செலவை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆபத்து உடனடியானது என்றால் விசாரணை முடியும் வரைக்கும் தற்காலிகத் தடுப்பு ஆணையும் கேட்கலாம். மனுவில் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்தப் பிரிவு பொதுமக்களுக்கு வரும் கேட்டுக்கு உரியது. இருவருக்கு இடையிலான வரப்புத் தகராறை இதில் கொண்டுபோனால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி விடுவார்கள். எனவே உங்கள் மனு அந்தப் பாதையைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் போகிற வழி, சுமை தூக்குகிறவர்கள் போகிற வழி, எத்தனை வீட்டுக்கு அதுதான் ஒரே வழி என்பதையெல்லாம் எழுதுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை வைத்தால் சாய்வு கூடிக்கொண்டே போவது தெரியும். 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், சாக்கடை நாற்றத்தில் தவித்த மக்களுக்காக இதே பிரிவின் கீழ் நகராட்சிக்கு இட்ட ஆணையை நிலைநிறுத்தியது. பணம் இல்லை என்ற காரணத்தை ஏற்கவில்லை. ஊராட்சியில் "நிதி இல்லை" என்று கையை விரிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

மரம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சமவெளியில் பக்கத்துக்காரர் மரக்கிளை நம் பக்கம் வந்தால் வெட்டிவிட்டு மறுவேலை பார்ப்பார்கள். மலையில் அது நடக்காது. தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955, மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமங்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கே ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும் என்கிறது. ஆகவே சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக்கை நீங்களே ஆள் வைத்து அறுத்தால், புகார் கொடுக்கப் போன நீங்களே பதில் சொல்ல வேண்டியவராகி விடுவீர்கள். வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் படத்தோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மின்கம்பிமேல் சாய்ந்தது என்றால் மின்வாரியத்துக்கும் ஒரு பிரதி. உண்ணிச்செடியை வெட்டுவதற்கு இந்த அனுமதி தேவையில்லை, ஆனால் நிலத்துக்காரர் சம்மதம் தேவை.

கொசுவுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சிமெண்ட் தொட்டி, உடைந்த டிரம், பழைய பல்பிங் தொட்டி ஆகியவற்றில் தண்ணீர் நின்றால் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி அகற்றச் சொல்லும் அதிகாரம் சுகாதாரத் துறைக்கு உண்டு. வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடம் போனாலே போதும். மூடாத கிணறும் கைவிட்ட ஆழ்துளையும் அப்படிச் சுருக்கமாக விடக்கூடியவை அல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளையில் விழுந்து இறந்ததை இந்த மாநிலம் பல நாள் கண்விழித்துப் பார்த்தது. ஊராட்சிகளில் கிணறு தோண்டுவதற்கும் பாதுகாப்புக்கும் 2015இலேயே விதிகள் வந்துவிட்டன. பயன்படாத துளையை மூடுவது உரிமையாளரின் கடமை. ஆழ்துளை திறந்து கிடப்பதைப் பார்த்தால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே ஒரு கல்லை வைத்து மூடச் செய்து, ஊராட்சிக்கும் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் முதலில் செயல், பிறகு காகிதம்.

பொறுமை இழந்து பலர் செய்யும் இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, கோடையில் மேல்தோட்டத்துப் புதருக்குத் தீ வைப்பது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்த மலையில் தீ நம் சொல் கேட்காது. அது காப்புக்காட்டுக்குள் போனால் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்ற வழக்கு. அதைவிட, அது எரிப்பது சோலையை. இரண்டு, யானையும் காட்டுமாடும் அந்தப் புதரில் தங்குகின்றன என்று சொல்லி வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது. தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். யானையும் சாகும், அதிகாலையில் வேலைக்கு வரும் பெண்ணும் சாவாள். சூரிய மின்வேலிக்கே 2023இல் தமிழ்நாடு அரசு பதிவு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. கன்னிவாடி வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, முறைப்படி பதிந்து அமையுங்கள். உங்கள் எல்லையோரம் உங்கள் பக்கத்தில் சில அடி அகலத்துக்குச் செடி, சருகு இல்லாமல் சுத்தம் செய்து வைப்பது தீயையும் விலங்கையும் ஒருசேரத் தடுக்க உதவும்.

இத்தனையும் சட்டம். ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்தவர்களுக்குப் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்: உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது.

அரசின் நில ஆவண இணைய சேவையில் புல எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். அதில் இருக்கும் பெயர் பெரும்பாலும் தாத்தா பெயர். அவர் இறந்து பட்டா மாறாமல், வாரிசுகள் மதுரையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் பிரிந்து, யாருக்கு எந்தப் பாகம் என்று முடிவாகாமல் தோட்டம் கிடக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் கடைசியாகப் பத்திரம் நடந்தது யார் பெயரில் என்று தெரியும். கிராம நிர்வாக அலுவலரும் பழைய கங்காணிகளும் மீதியைச் சொல்வார்கள். எல்லா வாரிசுக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எழுதுங்கள். மிரட்டல் வேண்டாம். என்ன கேடு வருகிறது, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் போதும். பின்னால் கோட்டாட்சியரிடமோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால், இந்த ஒப்புகை அட்டைதான் உங்கள் முதல் சான்று.

அவர்கள் ஏன் யாரிடமும் தோட்டத்தை ஒப்படைக்கவில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல, பயம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒருவரை உள்ளே விட்டால் பிறகு வெளியேற்ற முடியாது என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கும் வகையில் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள். குத்தகை கேட்காதீர்கள். ஒரே ஒரு பருவத்துக்கு, பழம் பறிக்கவும் உதிரி பொறுக்கவும் பூச்சி விழுந்த செடியை அடையாளம் காட்டவும் உள்ளே வர எழுத்தில் அனுமதி கேளுங்கள். தேதி குறித்து, குத்தகை உரிமை ஏதும் கோரமாட்டோம் என்று எழுதி, பழத்தின் விலையில் அவர்களுக்கு இன்ன பங்கு என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள். 2024 கடைசியிலிருந்து காபி விலை ஏறியபோது, காட்டுக்குள் தொங்கும் பழத்துக்கும் மதிப்பு வந்தது. மறந்துபோன தோட்டத்தைப் பற்றி வாரிசுகளிடம் பேச அது நல்ல காரணம். எழுத்தில் அனுமதி வராத வரை எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு பறித்தாலும் அத்துமீறல், திருட்டு என்று எழுத இடமுண்டு.

பதிலே வராவிட்டால் கிராமசபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் எழுத வேண்டியது ஊராட்சியின் வேலை. "இன்ன புல எண்ணில் உள்ள கட்டடம் பொதுப்பாதைக்கு ஆபத்து" என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், கோட்டாட்சியர் முன் அது ஒரு தனிமனிதரின் புகாராக இருக்காது, ஊரின் குரலாக இருக்கும்.

கடைசியாக, மலைக்கு வராத அந்த உரிமையாளரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவருக்கும் சில வார்த்தை. ஐயா, உங்கள் நிலத்தில் வேறொருவர் வெளிப்படையாக, உங்கள் உரிமையை மறுத்து, 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்துவிட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அவரை வெளியேற்ற வழக்குப் போடும் உரிமையே உங்களுக்கு இல்லாமல் போகலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து எல்லையைச் சுற்றி நடந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வரி ரசீதை உங்கள் பெயரில் போடுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் பட்டாவை வாரிசுச் சான்றோடு மாற்றுங்கள், பாகம் பிரியாவிட்டால் கூட்டுப்பட்டாவாகவாவது. கான்டூர் வாய்க்கால் அடைபட்டிருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் கீழ்த்தோட்டத்தை அறுத்துக்கொண்டு போகும். முழுத் தோட்டத்தையும் சீராக்க இந்த ஆண்டு முடியாது என்றால், எல்லையை ஒட்டிய சில வரிசைச் செடிகளிலாவது பிப்ரவரி முடிவதற்குள் ஒரு பழம் விடாமல் பறிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூலி, நோட்டீஸ் வந்த பிறகு ஆகும் செலவை விடக் குறைவு.